பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா? எந்த வரிசையில் கை வைப்பது: முழுமையான வழிகாட்டி

இது பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மேசைக் கணினிக்கான வழிகாட்டி. எச்61 மாதிரியான ஒரு மதர்போர்டு, இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ3, 500 ஜிபி சாட்டா ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 அல்லது 10. நம் வீடுகளிலும் சிறு கடைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் இவைதான். பழைய லேப்டாப்புக்கும் இதே வரிசை பொருந்தும். வேறுபடும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் தடுமாறுவது அறிவுக் குறைவால் இல்லை. வரிசை தெரியாததால்தான். விண்டோஸை எப்படியாவது திறந்துவிட வேண்டும் என்று முதலில் அதில் இறங்குகிறார்கள். அதற்காகச் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் சாகக்கிடக்கும் டிஸ்க்கின் மிச்ச ஆயுளைத் தின்கிறது. முதலில் டேட்டா, அப்புறம்தான் கணினி. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த வரிசையைக் காப்பாற்றத்தான்.

1. முதலில் அணையுங்கள்

திரையில் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வந்தாலும், விண்டோஸ் பாதியில் நின்று சுழன்றுகொண்டே இருந்தாலும், கணினியை அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பது வேண்டாம். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் டிஸ்க்கின் தட்டு நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வருகிறது. பழுதான டிஸ்க்குக்கு அதுதான் கடினமான நேரம்.

விண்டோஸ் இன்னும் திறக்கிறது, ஆனால் ஆமை வேகம் என்றால், மிக முக்கியமான ஒரு ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு முறைப்படி ஷட் டவுன் செய்யுங்கள். எல்லாவற்றையும் அப்போதே எடுத்துவிட ஆசைப்படாதீர்கள்.

அணைத்து ஆன் செய்யும்போது டிஸ்க்கைச் சோதிக்கப்போவதாகச் சொல்லி நொடிகள் இறங்கு வரிசையில் ஓடினால், அது முடிவதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி நிறுத்துங்கள். அந்தச் சோதனையின் பெயர் செக்டிஸ்க். நல்ல டிஸ்க்கில் சின்னக் குழப்பத்தைச் சரிசெய்ய அது உதவும். பழுதான டிஸ்க்கில் அது எழுத ஆரம்பிக்கிறது, துண்டான கோப்புகளை வேறு பெயரில் வேறு இடத்தில் தள்ளுகிறது. பிறகு எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. விண்டோஸின் 'தானியங்கிப் பழுதுபார்ப்பு' வசதிக்கும் இப்போது வேலை கொடுக்காதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

வேலையை ஆரம்பித்துவிட்டுக் கடைக்கு ஓடினால், அந்த நேரம் முழுக்க டிஸ்க் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே முன்பே சேர்த்து வையுங்கள்:

- 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ், அதில் வேறொரு கணினியில் எழுதிய லினக்ஸ் மின்ட் (பென்டிரைவிலிருந்தே ஓடும் இலவச இயங்குதளம்). எழுத ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் போதும்.
- பழைய டிஸ்க்கைவிடப் பெரிய வெளி ஹார்ட் டிஸ்க். 500 ஜிபிக்கு 1 டிபி இருந்தால் நிம்மதி. நகலும் அதிலிருந்து பிரித்தெடுக்கும் கோப்புகளும் இரண்டுமே அதில் இருக்கப்போகின்றன.
- புது சாட்டா டேட்டா கேபிள் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைப்பது) ஒன்று. விலை மிகக் குறைவு, தீர்க்கும் தலைவலி அதிகம்.
- சிஆர்2032 பட்டன் பேட்டரி.
- டிஜிட்டல் மல்டிமீட்டர். வாங்க வேண்டாம், தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாலும் போதும்.
- யுபிஎஸ். பேட்டரி செத்த யுபிஎஸ் கணக்கில் வராது. நகல் எடுக்கும் வேலை மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க்குக்கு இன்னொரு அடி.

வெளி டிஸ்க் எஃப்ஏடி32 வடிவத்தில் இருந்தால் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, நகல் பாதியில் நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் ஆக முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

3. காதால் ஒரு சோதனை

சிபியு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு முறை ஆன் செய்து, பத்து நொடி காது கொடுங்கள். சீரான சுழல் ஓசை, அவ்வப்போது மெல்லிய கறகறப்பு என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஒரே தாளத்தில் டக்... டக்... என்று அடித்துக்கொண்டே இருந்தால் படிக்கும் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. சுழலாமல் 'பீப்' மாதிரி மெல்லிய ஒலி வந்தால், தலை தட்டில் ஒட்டியிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்க்கில் இதை அதிகம் பார்க்கலாம். உரசும் ஒலி என்றால் தட்டின் மேற்பரப்பே சுரண்டப்படுகிறது.

இந்த மூன்றில் எது கேட்டாலும் உடனே பவரைத் துண்டியுங்கள். இதற்கு மேல் எந்த மென்பொருளும் உதவாது. டேட்டா முக்கியம் என்றால், டிஸ்க்கைத் தூசியில்லாத அறையில் திறந்து வேலை செய்யும் மீட்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். திறப்பதற்கு முன்பே மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டேட்டா முக்கியமில்லை என்றால் நேரே எட்டாம் படிக்குப் போய்விடலாம்.

டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்த மறுநிமிடம் உள்ளே நீர் படியும். மூடியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். அதே மாடல் டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சைச் சர்க்யூட் பலகையைக் கழற்றி மாட்டும் வித்தையும் இப்போதைய டிஸ்க்குகளில் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் பலகையில் உள்ள சிப்பிலேயே பதிந்திருக்கின்றன.

4. டிஸ்க் மேல் பழி போடும் முன்

டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிது வாங்கி மாட்டி, அதுவும் தெரியவில்லை என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய கணினியில் மூன்று விஷயங்கள் டிஸ்க் போன மாதிரியே நடிக்கும்.

முதலாவது, கேபிள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, டேட்டா கேபிளை மாற்றுங்கள், மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள், பவர் இணைப்பியையும் வேறொன்றுக்கு மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாகச் செய்யலாம். இங்கே எது குற்றவாளி என்று கண்டுபிடிப்பதைவிட டிஸ்க்கைக் குறைந்த தடவை ஆன் செய்வது முக்கியம்.

இரண்டாவது, எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி. டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஆன் செய்த கணினியின் நான்கு ஊசி மோலெக்ஸ் இணைப்பியில் அளந்து பாருங்கள். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே 11.4 முதல் 12.6 வோல்ட், கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று உரசிவிடாமல் பிடியுங்கள். அளவு இதற்கு வெளியே போனால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். பழைய டிஸ்க்கைக் கொன்றதே அதுவாக இருக்கலாம். புதிதையும் அதே கொல்லும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

மூன்றாவது, மதர்போர்டின் பட்டன் பேட்டரி. இதை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. பேட்டரி தீர்ந்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பும். அப்போது சாட்டா முறை, அதாவது மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, ஏஎச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிட்டால், டிஸ்க் முழு ஆரோக்கியத்தோடு இருந்தும் விண்டோஸ் நீலத்திரை காட்டி நிற்கும். திரையில் 0x7பி என்ற பிழை எண் தெரிந்தால் முதல் சந்தேகம் இதுவாகவே இருக்கட்டும். பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் இருந்தால் பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, சாட்டா முறையைத் திருப்பி வைத்துப் பாருங்கள். எச்61-க்கும் முந்தைய ஜி41 காலத்துப் பல போர்டுகளில் ஏஎச்சிஐ என்ற தேர்வே இருக்காது, அது பழுதில்லை.

பயாஸில் இருக்கும்போதே டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். கேபிள் எல்லாம் மாற்றிய பிறகும் பெயர் கோணல் மாணலாகவோ கொள்ளளவு பூஜ்யமாகவோ வந்தால், டிஸ்க் தன் உள்நிரலையே படிக்க முடியாமல் நிற்கிறது. அதுவும் மீட்பு நிலையத்து வேலைதான்.

5. மின்ட்டில் எழுப்பி டிஸ்க்கின் ஆரோக்கியம் பார்த்தல்

டிஸ்க் உள்ளேயே, சாட்டா கேபிளில் இருக்கட்டும். யுஎஸ்பி அடாப்டரில் போட்டு இன்னொரு விண்டோஸ் கணினியில் செருகும் பழக்கம் பரவலாக இருக்கிறது, இந்த நேரத்தில் அது வேண்டாம். விண்டோஸ் கேட்காமலே டிஸ்க்கைத் துழாவும், 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும், யாராவது சரி என்று அழுத்திவிடுவார்கள். அடாப்டரும், படிக்க முடியாத இடம் வந்தால் இணைப்பையே துண்டித்துக்கொள்ளும்.

பென்டிரைவிலிருந்து மின்ட்டை எழுப்புங்கள். பழைய பயாஸில் பென்டிரைவ் தனியாகத் தெரியாமல், ஹார்ட் டிஸ்க்குகளின் முன்னுரிமைப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும். அங்கே மேலே ஏற்றுங்கள். டெஸ்க்டாப் வந்ததும் எதையும் நிறுவ வேண்டாம், பழைய டிஸ்க்கின் ஐகானையும் கிளிக் செய்ய வேண்டாம். கிளிக் செய்யாதவரை மின்ட் உள் டிஸ்க்கை மவுன்ட் செய்யாது, அதாவது திறந்து இணைக்காது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, பழைய டிஸ்க்கைத் தேர்ந்து, ஸ்மார்ட் தகவலை, அதாவது டிஸ்க் தன் ஆரோக்கியத்தைத் தானே பதிந்துவைக்கும் பட்டியலைப் பாருங்கள். பட்டியல் நீளம், நான்கு எண்கள் போதும். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் டேட்டா பதியும் மிகச் சிறு பகுதிகள்). 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198, சரிசெய்யவே முடியாதவை. இந்த மூன்றில் ஒன்று பூஜ்யத்தைத் தாண்டி இருந்தாலும் டிஸ்க்கை நம்பாதீர்கள். 197 ஏறிக்கொண்டே போனால் அவசரம். 199 மட்டும் அதிகமாக இருந்து மற்றவை பூஜ்யமாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் பழைய கேபிள். அந்த எண் கேபிளை மாற்றினாலும் குறையாது, ஆனால் மேற்கொண்டு ஏறாது.

சீகேட் டிஸ்க்குகளில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும். பயந்துவிடாதீர்கள், அந்த நிறுவனம் கணக்கைப் பதியும் முறை அப்படி. மேலே 'டிஸ்க் நன்றாக உள்ளது' என்று பச்சை வரி தெரிந்தாலும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒட்டுமொத்தத் தீர்ப்பு மிகத் தாமதமாகத்தான் மாறும்.

6. நகல் எடுத்தல்

வழிகாட்டியின் மையம் இதுதான். கோப்பு கோப்பாக இழுத்துப் போடுவதை விட்டுவிட்டு, டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசி வரை ஒரே இமேஜ் கோப்பாக எடுக்கப்போகிறோம். கோப்புகளாக எடுத்தால் தலை இங்கும் அங்கும் அலையும், ஒரு கெட்ட கோப்பில் மாட்டினால் எல்லாம் நிற்கும். இமேஜாக எடுத்துவிட்டால் அதன் பிறகு எத்தனை முறை தவறினாலும் பரவாயில்லை, மூலத்துக்கு எந்தச் சேதமும் வராது.

இதற்கான கருவி டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருள். மின்ட்டில் நிறுவும்போது பொதியின் (நிறுவல் தொகுப்பின்) பெயருக்கு முன்னால் ஒரு 'ஜி' எழுத்து சேரும் (gddrescue). கட்டளையாக அடிக்கும்போது அந்த 'ஜி' கிடையாது. பலர் இங்கேயே குழம்பி நிற்கிறார்கள். இணையத்துக்கு ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டால் போதும், டிரைவர் எதுவும் வேண்டாம். முதலில் பொதிப் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு நிறுவுங்கள். பென்டிரைவில் ஓடும் மின்ட் ஆதலால் கணினியை அணைத்தால் நிறுவியது போய்விடும், மறுபடி நிறுவ வேண்டும்.

அ. எது எந்த டிஸ்க் என்று வரிசை எண்ணால் உறுதி செய்யுங்கள். லினக்ஸ் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்று பெயர் வைக்கும். அந்தப் பெயர்கள் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இடம் மாறலாம். டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள வரிசை எண்ணும் செயலியில் தெரியும் எண்ணும் ஒன்றா என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூலமும் இலக்கும் இடம் மாறிப்போனால் மீட்க எதுவும் மிஞ்சாது.

ஆ. முழு டிஸ்க்கையும் எடுங்கள். பெயருக்குப் பின்னால் எண் வந்தால் அது ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) மட்டும். எண் சேராத பெயர்தான் நமக்கு வேண்டும்.

இ. கட்டளையில் வரிசை இப்படி: முதலில் மூலம், அடுத்து வெளி டிஸ்க்கில் உருவாகும் இமேஜ் கோப்பு, கடைசியில் மேப் கோப்பு. மேப் கோப்பையும் வெளி டிஸ்க்கிலேயே வையுங்கள். எது வரை படித்தாயிற்று, எங்கே பழுது என்ற குறிப்பு அதில்தான் இருக்கிறது. அதை மின்ட்டின் டெஸ்க்டாப்பில் வைத்தால் கரண்ட் போனதும் மறைந்துவிடும். மேப் இருந்தால், அதே கட்டளையை மீண்டும் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஈ. முதல் சுற்றில் ஹைஃபன் போட்டு சிறிய 'என்' (-n) சேருங்கள். கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போ என்று அர்த்தம். எளிதாகக் கிடைப்பதை முதலில் அள்ளிவிட வேண்டும். கெட்ட இடத்தில் மல்லுக்கட்டும்போது டிஸ்க் மொத்தமாகச் செத்துவிட்டால் நல்ல பகுதியும் கிடைக்காமல் போகும்.

உ. முதல் சுற்று முடிந்ததும் 'என்'-ஐ எடுத்துவிட்டு, நேரடிப் படிப்புக்கு 'டி' (-d), மூன்று மறுமுயற்சிக்கு 'ஆர் 3' (-r3) என்று ஹைஃபனோடு சேர்த்து, அதே கோப்புப் பெயர்களோடு மறுபடி ஓட்டுங்கள். இப்போது விடுபட்ட இடங்களுக்கு மட்டும் திரும்பிப் போகும்.

எவ்வளவு நேரம் ஆகும்? நொடிக்கு 80 எம்பி வேகத்தில் 500 ஜிபி ஒன்றே முக்கால் மணி நேரம். ஆனால் வெளி டிஸ்க் யுஎஸ்பி 2.0 போர்ட்டில் இருந்தால் வேகம் பாதிக்கும் கீழே போகும். பழுதான டிஸ்க்கில் நாள் கணக்கிலும் இழுக்கலாம். மின்ட்டின் உறக்க அமைப்பை நிறுத்திவிடுங்கள். டிஸ்க்குக்கு நேரே மேசை விசிறி ஒன்றைத் திருப்பி வையுங்கள். 194 என்ற ஸ்மார்ட் வரியில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டினால் கன்ட்ரோலும் 'சி'யும் சேர்த்து அழுத்தி நிறுத்தி, ஆறவிட்டுத் தொடருங்கள்.

ஓட்டத்தின் நடுவே டக் டக் ஒலி ஆரம்பித்தாலோ டிஸ்க் பட்டியலிலிருந்தே காணாமல் போனாலோ, நிறுத்துங்கள். அதுவரை கிடைத்தது இமேஜில் பத்திரமாக இருக்கிறது.

7. இமேஜிலிருந்து கோப்புகளை எடுத்தல்

பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். மின்ட்டில் இமேஜ் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து இமேஜ் மவுன்டரில் திறந்தால், உள்ளே உள்ள பார்ட்டிஷன்கள் படிக்க மட்டும் என்ற நிலையில் வரும். திறக்கவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் இமேஜையே நேரடியாகப் படித்து ஃபோல்டர்களைப் பட்டியலிட்டுக் காட்டும், அங்கிருந்தே நகலெடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கடைசியாக ஃபோட்டோரெக். அது படங்களையும் ஆவணங்களையும் தேடி எடுத்துக் கொடுக்கும், ஆனால் கோப்புப் பெயர், ஃபோல்டர் அமைப்பு இரண்டுமே போய்விடும்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். மறப்பது வேறு இடங்களில்.

தமிழ் எழுத்துருக்கள். பழைய கணினியில் பாமினி, வானவில், டேப், டிஸ்கி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிய மனுக்கள், திருமணப் பத்திரிகைகள், சங்கத் தீர்மானங்கள் இருக்கும். இவை யூனிகோடு கிடையாது. கோப்பை மட்டும் காப்பாற்றிவிட்டு எழுத்துருவை விட்டுவிட்டால், புதுக் கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுபவர்களும் உண்டு. எனவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்து வையுங்கள். விண்டோஸ் 10 என்றால், பயனர் தனக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அவருடைய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்ற வரிசையில் இன்னொரு ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். அதையும் எடுங்கள்.

டேலி கணக்குகள். டேலி தன் டேட்டாவை டாக்குமென்ட்ஸில் வைப்பதில்லை. பெரும்பாலும் சி டிரைவில் தன் நிறுவல் ஃபோல்டருக்குள்ளேயே டேட்டா என்ற பெயரில் வைத்திருக்கும். உள்ளே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எண்ணால் பெயரிட்ட ஃபோல்டர். தனித்தனிக் கோப்பாகப் பொறுக்காமல், டேட்டா ஃபோல்டரை அப்படியே எடுங்கள்.

அவுட்லுக் பயன்படுத்தியிருந்தால் மின்னஞ்சல்கள் உள்ள பிஎஸ்டி கோப்பையும் எடுங்கள். குரோம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், ஃபோல்டரை நகலெடுத்தாலும் வராது. அவை அந்த விண்டோஸ் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டவை. கூகுள் கணக்கில் ஒத்திசைத்திருந்தால் அங்கிருந்து வரும்.

டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் எதுவும் திறக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடிப் பாருங்கள்.

எடுத்த பிறகு ஒவ்வொரு ஃபோல்டரிலும் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயரும் அளவும் சரியாக இருந்து உள்ளே வெறும் பூஜ்யங்களாக இருக்கும் கோப்புகள் உண்டு. படிக்க முடியாத செக்டர்களில் இருந்தவை அவை.

8. புது டிஸ்க் வாங்குதல்

இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். சாதாரண உபயோகத்துக்கு 240 அல்லது 256 ஜிபி போதும். எம்.2 வகை வாங்கிவிடாதீர்கள். அந்தக் காலத்துப் போர்டுகளில் அதற்கு இடமே இல்லை. விலை கூடிய அதிவேக மாடலும் வீண் செலவு. எச்61-இன் சாட்டா போர்ட்டுகள் நொடிக்கு 3 ஜிகாபிட் வகை, எதை மாட்டினாலும் 300 எம்பியை எட்டாது. ஆனாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் கணினி புதிது மாதிரி ஓடும்.

மேசைக் கணினியில் பொருத்த மூன்றரை அங்குலத் தாங்கி ஒன்று கேளுங்கள். லேப்டாப்பில் பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். ஆடாமலிருக்க விளிம்புச் சட்டம் தேவைப்படும்.

9. இயங்குதளம் நிறுவுதல்

பயாஸில் ஏஎச்சிஐ வைத்த பிறகே நிறுவலை ஆரம்பியுங்கள். மற்ற எல்லா டிஸ்க்குகளின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் பூட் கோப்புகளை வேறு டிஸ்க்கில் போட்டுவிடும், அந்த டிஸ்க்கை எடுத்த நாளில் கணினி எழாது.

ரூஃபஸில் பென்டிரைவ் எழுதும்போது பழைய பயாஸ் என்றால், எம்பிஆர், ஜிபிடி என்ற இரண்டு பார்ட்டிஷன் முறைகளில் எம்பிஆர் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஜிபிடி-யில் எழுதிவிட்டுப் பென்டிரைவ் தெரியவில்லை என்று தவிப்பது மிகச் சாதாரணமான தவறு.

பழைய இமேஜையே புது டிஸ்க்கில் இறக்கினால் என்ன என்று கேட்பார்கள். செய்யலாம்தான், ஆனால் விண்டோஸின் எந்தக் கோப்பில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று தெரியாது. புதிதாக நிறுவுவதே நல்லது. விண்டோஸ் 10 ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்த கணினி என்றால் டிஸ்க் மாறினாலும் உரிமம் போகாது. அது மதர்போர்டோடு சேர்ந்தது. சாவி கேட்கும்போது தாண்டிப் போங்கள், இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

ஒரு விஷயம் முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்தக் கணினிகளில் இல்லை. இணையம், படம், கடிதம் மட்டும்தான் வேலை என்றால் கையிலிருக்கும் மின்ட்டையே நிறுவிவிடுங்கள் என்பேன். டேலி மாதிரி விண்டோஸ் கட்டாயம் என்றால் விண்டோஸ் 10 போட்டு, அந்தக் கணினியில் வங்கி வேலை செய்வதைத் தவிருங்கள்.

10. பழைய டிஸ்க்கை என்ன செய்வது

உடனே தூக்கிப் போடாதீர்கள். தேதி எழுதி ஒட்டி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். மீட்ட கோப்புகளை வீட்டில் உள்ள எல்லோரும் பார்த்து, விடுபட்டது எதுவும் இல்லை என்று சொல்லும்வரை இமேஜ் கோப்பையும் அழிக்க வேண்டாம்.

அதன் பிறகும் அதைப் படங்கள் வைக்க, 'சும்மா இரண்டாவது டிஸ்க்' என்று உள்ளே மாட்டிவிடாதீர்கள். ஃபார்மட் செய்ததும் சரியாகிவிட்ட மாதிரி தோன்றும். கெட்ட மேற்பரப்பு கெட்டபடியேதான் இருக்கும். பழைய இரும்புக்குப் போடும் முன் தட்டு இருக்கும் பகுதியில் இரண்டு மூன்று துளை போட்டுவிடுங்கள். இரண்டரை அங்குல டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, தெறிக்கும். துணியில் சுற்றி, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யுங்கள். ஆதார் நகலும் வங்கி விவரங்களும் இருந்த டிஸ்க்கை முழுதாக யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.